நித்திரை கொண்ட சைடர்

டென்மார்க்கின் யூலாந்தில் மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறையும். அந்த ஒக்டோபர் ஞாயிறும் அப்படித்தான் அறைந்துகொண்டிருந்தது. வைல நகரைத் தாண்டி வடக்கே போகிற பெருந்தெருவோரம் காரை நிறுத்திவிட்டு, வெறும் சாக்குகளோடு இறங்கிய சாரங்காவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு சோடிச் சப்பாத்து.

சப்பாத்துகள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சப்பாத்துக்குள் கால்களும் இருந்தன...

அவளுடைய மரத்தில்!

அவளுடைய மரம் என்றால், ஒருவருக்கும் சொந்தமில்லாத மரம்தான். எப்போதோ யாரோ காரிலிருந்து எறிந்த அப்பிள் மிச்சத்தில் முளைத்திருக்க வேண்டும். கைப்பும் புளிப்புமாய், கடித்தால் கண்ணைச் சுருக்க வைக்கிற குட்டிப் பழங்கள். தின்ன உதவாது. ஆனால் சைடருக்கு? தங்கம். அப்பிள் சாற்றை வீட்டிலேயே புளிக்கவைத்து, நுரைக்க நுரைக்க மது செய்கிற பைத்தியங்களுக்கென்று இணையத்தில் ஒரு டெனிஷ் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் வரைபடத்தில் இந்த மரத்தைக் குறித்து வைத்தவளே அவள்தான். கூடவே ஒரு விதியும் எழுதி வைத்தாள்: சொந்தக்காரன் இல்லாத மரத்தில் பாதியைத்தான் பறிக்கலாம். மிச்சம் அடுத்து வருகிறவனுக்கு.

மரத்தடியில் ஏற்கெனவே சாக்குகள் முட்டி வழிந்தன.

“ஏய்! விதியை வாசிக்கவில்லையா? பாதிதான்!” டெனிஷில் கத்தினாள்.

“தெரியும், தெரியும்!” இலைகளுக்குள்ளிருந்து டெனிஷிலேயே பதில் வந்தது. “பாதியைத் தாண்டவில்லை. தாண்டினால் சூர்மூலெ என்னைக் கொன்று போட்டுவிடுவாள்...”

சாரங்காவின் கையிலிருந்த சாக்கு நழுவியது.

சூர்மூலெ. எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற ஆளை டேன்காரர் அப்படிச் சொல்வார்கள். அந்தக் குழுவில் அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயருக்கு இப்படிப் பயந்து நடிக்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். கேர்னெஹூஸ்... தின்று முடித்து எறிகிற அப்பிளின் நடுப்பகுதியைத் தன் பெயராக வைத்திருப்பவன்.

போன மாரி முழுக்க அவன் அவளுக்கு எழுதினான். முதலில் குழுவில், எல்லாரும் பார்க்க, முட்டாள்தனமான கேள்விகள். ‘குமிழி வருவது நின்றுவிட்டது, நான் ஏதும் பிழை செய்தேனா?’ அவள் அடித்தாற்போல் பதில் எழுதுவாள். ‘ஆம். சாற்றை நம்பாமல் உன் அவசரத்தை நம்பினாய்.’ பிறகு தனியாக. பிறகு சைடரைப் பற்றியே இல்லாமல்... மூன்றரை மணிக்கே இருண்டுவிடுகிற பின்னேரங்களைப் பற்றி, வேலைத்தளத்தில் எல்லாரோடும் சிரித்துவிட்டு வந்து காருக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி. அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாது. யாரோ ஒரு டேன்காரப் பெடியன் என்றுதான் நினைத்திருந்தாள். டேன்காரன் என்று நினைத்ததால்தான் அவ்வளவும் எழுதினாள்.

“சூர்மூலெ கீழேதான் நிற்கிறாள்” என்றாள்.

மரம் அசையாமல் நின்றது. பிறகு ‘படக்’ என்று ஒரு கொப்பு முறிந்தது.

“ஐயோ அம்மா!”

பொத்தென்று அவளுக்கு முன்னால், சகதிக்குள் வந்து விழுந்தான் அவன். அதுவும் தமிழில் விழுந்தான்!

அவள் பார்த்தாள். அவன் பார்த்தான். கறுத்த சுருட்டை முடியில் இரண்டு மூன்று இலை. மழை வழிந்த முகத்தில், மழைக்குச் சற்றும் பொருந்தாமல், யாரோ உள்ளே விளக்கைப் போட்ட மாதிரி இரண்டு கண்கள்... கடவுளே, இந்தக் கண்களுக்கா நான் இரவிரவாகப் புளிக்கவைக்கிற ஈஸ்ற்றைப் பற்றி எழுதினேன் என்று நினைத்ததும் அவளுக்குக் காது சுட்டது.

“நீ... நீங்க... தமிழோ?”

“ஓம்” என்றாள்.

“அட கடவுளே! நான் உங்களை ஒரு அறுபது வயசு டேன்காரக் கிழவி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். பூனை வளக்கிற கிழவி.”

“கிழவியோ?!”

“எழுத்து அப்பிடி! ஒரு கேள்வி கேட்டா ஒம்பது பேச்சு விழும். என்ர பேர் ஸ்ரிபன். விபோர்க்கில இருக்கிறன். நகரசபைக் கொம்யூன் ஒஃபிசில வேலை. எழும்ப ஒருக்கா கை தாறியளோ? இடுப்பு போட்டுது.”

“விழத் தெரிஞ்ச ஆளுக்கு எழும்பவும் தெரியவேணும்” என்றாள். ஆனாலும் கை கொடுத்தாள்.

அந்தக் கை குளிர்ந்து விறைத்திருந்தது. விடுவதற்கு இரண்டு பேருமே கொஞ்சம் பிந்திவிட்டார்கள்...

“உங்கட பேர்?”

“சாரங்கா. கோல்டிங்கில இருக்கிறன்.”

“சாரங்கா...” ருசி பார்க்கிறவன் மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். “சூர்மூலெயை விட நல்லாத்தான் இருக்கு. அப்பாவின்ர பேர்?”

“ஏன், அப்பாவுக்கும் கேள்வி அனுப்பப் போறீங்களோ? குணசேகரம்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். ஆய்வுகூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

“உச்சிக் கொப்பிலதான் நல்ல பழம் கிடக்கு. எனக்கு எட்டேல்லை” என்றான்.

“உங்களுக்கு ஏறத் தெரியாது. தள்ளுங்கோ.”

சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். ஈரத் தண்டில் உள்ளங்காலை அழுத்தி, ஒரு உன்னு... இன்னொரு உன்னு... ஏறிவிட்டாள். மழை முகத்தைக் கழுவியது. உச்சிக் கொப்பைப் பிடித்து உலுக்க, பழங்கள் மளமளவென்று கொட்டின. கீழே அவன் தலையைப் பொத்திக்கொண்டு குதித்தான். இருபத்தேழு வயதில், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சாரங்காவுக்குச் சந்தோசமாக இருந்தது. காரணம் கேட்காத சந்தோசம்.

அப்போதுதான் அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னான்:

“என்ன ஏத்தம் அப்பா இது! பரம்பரையாக் கள்ளுச் சீவின ஆக்கள் தோத்துப் போவினம். ஏறவும் தெரியுது, புளிக்க வைக்கவும் தெரியுது... உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் அந்த ஆக்களோ?”

கொப்பை உலுக்கிய கை நின்றது.

அவள் இறங்கினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு காலாக. சப்பாத்தை எடுத்துப் போட்டாள். நாடாவைக் கட்டினாள். அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள்.

“என்ன... பழம் வேண்டாமோ? சாரங்கா? நான் பகிடிக்கெல்லோ...”

“ஓம். நல்ல பகிடி.”

வெறும் சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டு காருக்குள் ஏறினாள். கார் கிளம்பியபோது கண்ணாடியில் அவன் தெரிந்தான். மழைக்குள், இரண்டு கையிலும் அவள் உலுக்கிய பழங்களோடு, என்ன நடந்ததென்றே விளங்காமல்.

விளங்காமல்தான் சொன்னான். அதுதான் வலித்தது.

*

கோல்டிங்கில் வீட்டுக் கதவைத் திறந்தபோது அப்பா முன்னறையில் இருந்தார். இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் முப்பது வருடம் நின்றதில் மடங்க மறுத்துவிட்ட முழங்கால்களைக் கதிரையில் நீட்டி வைத்திருந்தார்.

குணசேகரம் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கலியாண வீடுகளில் பியர் நீட்டுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பார். ‘நல்ல மனுசன்’ என்று எல்லாரும் சொல்வார்கள். அவருக்கு அது ஒழுக்கம் இல்லை, பயம் என்று சாரங்காவுக்கு மட்டும்தான் தெரியும். குடித்தால், குடிக்கிற விதத்தில், கிண்ணத்தைப் பிடிக்கிற விதத்தில், என்ன ஆக்கள் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். குடும்பத்தின் முதல் பட்டதாரியான மகளோ ஒடென்ஸவில் உணவு இரசாயனம் படித்துவிட்டு, கட்டடத்தின் நிலவறையில் கண்ணாடிச் சாடிகளை அடுக்கி அப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் ஒருநாளும் அந்தப் படியில் இறங்கியதில்லை.

“வெறுங்கையோட வந்திருக்கிறாய்” என்றார்.

“ஒண்டுமில்லை அப்பா.”

“முகம் அப்பிடிச் சொல்லேல்லையே.”

சொன்னாள். எல்லாவற்றையும் இல்லை. ஒரு பெடியன், ஒரு பகிடி. அவ்வளவுதான். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“என்ர பேர் கேட்டவனோ?”

“ஓம்... அவன் தெரிஞ்சு சொல்லேல்லை அப்பா.”

“தெரிஞ்சு சொன்னா நாலு கிழி கிழிச்சுப்போட்டு வரலாம். தெரியாமச் சொன்னவனை என்ன செய்யிறது?” அவர் சன்னலைப் பார்த்தார். சன்னலில் ஒன்றும் இல்லை, இருட்டுத்தான். “அவனைப் பிடிச்சிருக்கோ?”

அவள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். அவர் புரிந்துகொண்டார்.

“சொன்னா இப்ப போவான் பிள்ளை. சொல்லாட்டிப் பிறகு போவான். அவ்வளவுதான் வித்தியாசம்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தச் சாடியளையும் கழுவிக் கவிழ்த்து வை. இவ்வளவு படிச்சுப்போட்டு... உனக்கு ஏன் அது?”

அங்கேதான் அவளுக்குப் பத்தியது.

“அந்தக் குழுவில ஒரு பாதிரியார் இருக்கிறார் அப்பா. பல்லு டொக்டர் இருக்கிறார். ஹ்விடோவ்ரேயில இருந்து அதை நடத்துற அன்னா பள்ளிக்கூட அதிபர். அவை செய்தா பொழுதுபோக்கு. நான் செய்தா மட்டும் குலத்தொழிலோ? நான் படிச்சதே இதைத்தான்! ஏன் புளிக்குது, எப்பிடிப் புளிக்குது எண்டுதான் படிச்சனான். எனக்கு அது வடிவாத் தெரியும், எனக்கு அது பிடிச்சிருக்கு. பிடிச்சதை விட்டா அவங்கட பகிடி உண்மையாப் போயிடும்!”

அப்பா கதிரைச் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழும்பினார். “சரி” என்றார். அந்தச் ‘சரி’க்குப் பதிலாக அவர் ஏசியிருக்கலாம்.

*

ஸ்ரிபன் எழுதினான். ‘நான் என்ன செய்தேன்?’ ‘ஏதாவது பிழையாகச் சொன்னேனா?’ ‘குடிக்கிற சாமானைப் பற்றிப் பகிடி விட்டதற்காகக் கோவமா?’ பிறகு, ‘சரி, உங்களைக் கரைச்சல் படுத்தவில்லை.’

அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஆனால் வாசித்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று வாசித்தாள், ஆய்வுகூடத்துக் கழிப்பறையில் இருந்து வாசித்தாள். பதிலும் எழுதுவாள், பிறகு அழிப்பாள். ‘நான் அந்த ஆக்கள்தான்’ என்று எழுதிப் பார்த்தால், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கும். அதற்காகவே இன்னும் கோவம் வரும். என்ன குற்றம் செய்தோம் நாங்கள்? மரமேறிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டோம். குடித்தவனுக்கு வராத வெட்கம் இறக்கிக் கொடுத்தவனுக்கு ஏன் வரவேண்டும்?

நவம்பர் போனது. சூரியன் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. பிறகு அவனிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. அதுவும் வலித்தது... இந்த மனசு என்ன சாமானோ!

டிசம்பரில் ஒரு பின்னேரம், குழுவில் ஒரு படம் வந்தது. துணி துவைக்கிற அறை ஒன்று. சுவர் முழுக்கச் சிதறிய நுரை. தரை முழுக்க உடைந்த கண்ணாடி. கீழே கேர்னெஹூஸ் எழுதியிருந்தான்: ‘போத்தல்கள் வெடிக்கின்றன. இன்னும் ஒரு பெட்டி நிறைய உள்ளே இருக்கிறது. என்ன செய்வது? ஒரு துண்டு கண்ணுக்கு மேலே வெட்டிவிட்டது. தையல் போட்டாயிற்று, பெரிதாக ஒன்றுமில்லை.’

அதற்குக் கீழே அன்னா எழுதியிருந்தாள்: ‘சூர்மூலெ எங்கே? இதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.’

கண்ணுக்கு மேலே. சாரங்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கியது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் விடுகிற பிழைதான். குளிர்ந்த கராஜில் வைத்த சாறு, புளிக்கிறதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். குமிழி வராது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலில் அடைத்து மூடி, வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுபோனால்... நித்திரை கொண்டது எழும்பும். எழும்பி, வெளியேற வழியில்லாமல், கண்ணாடியையே பிளக்கும். போன வருசம் ஒவ்வொரு படியிலும் அவளைக் கேட்டுத்தான் செய்தான். இந்த வருசம் கேட்க ஆள் இல்லை.

விறுவிறென்று எழுதினாள். ‘அறைக்குள் போகாதே. வெப்பமூட்டியை நிறுத்து. வெளியில் நின்று சன்னலைத் திற. விடியும் வரைக்கும் குளிரட்டும். குளிர்ந்தால் அடங்கும். நாளைக்கு வருகிறேன்.’

கடைசிச் சொற்களை அனுப்பிய பிறகுதான் வாசித்தாள்.

*

ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கிய முகக்கவசங்களோடும் தடித்த கையுறைகளோடும் அவள் விபோர்க்கில் போய் இறங்கியபோது, பகல் என்று பெயருக்கு ஒரு சாம்பல் வெளிச்சம் இருந்தது. ஸ்ரிபன் வாசலில் நின்றான். இடப்புருவத்துக்கு மேலே வெள்ளைக் கட்டு. அதற்குக் கீழே அதே கண். பத்திரமாக.

“வந்திட்டீங்கள்...”

“கதை பிறகு. இதைப் போடுங்கோ.”

துவைக்கிற அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. ஒவ்வொரு போத்தலாக, ஈரத் துவாயால் போர்த்தி, மூடியை மெல்ல நெம்பி, சீறவிட்டு... அவள் பிடிக்க, அவன் திறந்தான். இரண்டு பேரும் குளிர்க் கோட்டும் கவசமுமாய், சந்திரனுக்குப் போக வந்து வழி தவறினவர்கள் மாதிரி நின்றார்கள். வேறு நாளென்றால் சிரித்திருப்பார்கள்.

“ஏன் இவ்வளவு அவசரம்? இன்னும் ஒரு மாசம் பொறுத்தா என்ன?”

“நத்தாருக்கு முன்னம் உங்களுக்கு ஒண்டு அனுப்புவம் எண்டு நினைச்சன். அந்த மரத்துப் பழம். மன்னிப்புக் கேக்க வேற வழி தெரியேல்லை.”

“என்னத்துக்கு மன்னிப்பு எண்டு தெரியுமோ?”

போத்தல் ஒன்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக மூச்சு விட்டது. அது அடங்கும் வரைக்கும் அவன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அண்டைக்குத் தெரியாது. இப்ப தெரியும். உங்களைப் பற்றி அம்மாட்ட சொன்னனான். கோல்டிங், குணசேகரம் எண்டு. அவ ரெண்டு பேருக்கு ஃபோன் அடிச்சா...”

“விசாரிச்சதோ!” கவசத்துக்குள் அவள் முகம் சிவந்தது. “மாடு வாங்கவோ விசாரிச்சவ?”

“அவ திரும்பி வந்து ‘அந்த ஆக்களாம்’ எண்டா. நான் சொன்ன அதே சொல்லு, சாரங்கா. நான் சிரிச்சுக்கொண்டு சொன்னன். அவ சிரிக்காமச் சொன்னா. அப்பதான்... அந்தச் சொல்லு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குக் கேட்டது.”

“அதுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

அவன் குனிந்துகொண்டான்.

“ஒண்டும் சொல்லேல்லை. சாப்பாட்டை வைச்சிட்டு எழும்பிப் போனன். பெரிசா ஏதும் சொன்னனான் எண்டு உங்களுக்குப் பொய் சொல்லலாம். சொல்லேல்லை. வாய் வரேல்லை.”

கோவம் வந்தது. ஆனால் பொய் சொல்லாததற்காக, கோவத்துக்குப் பின்னால் வேறு என்னவோவும் வந்தது. அவள் அதைக் கணக்கில் எடுக்க மறுத்தாள். “அடுத்த போத்தலை எடுங்கோ” என்றாள்.

அப்போது கதவடியில் ஒரு நிழல் விழுந்தது. ஸ்ரிபனின் தாய் பவளராணி. முதியோர் இல்லத்து வேலைக்குப் போகிற உடுப்போடு, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவையோடு. உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சாரங்காவைப் பார்த்தார். முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

“வாரும் பிள்ளை. இந்தக் குளிருக்க வந்திருக்கிறீர்... ஊரில எவடம்?”

தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி. அப்பாவிடம் இதைக் கேட்டால் பக்கத்துச் சந்தியின் பெயரைச் சொல்வார். அந்தச் சந்தியில் எல்லா ஆக்களும் இருந்தார்கள், அதனால் அது பாதுகாப்பு. நாற்பது வருடமாக அந்தச் சந்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாழ்ந்துவிட்டார். சாரங்காவின் நாக்கிலும் அந்தச் சந்திதான் முதலில் வந்து நின்றது.

கவசத்தைக் கழற்றினாள்.

அப்பா எந்தச் சபையிலும் சொல்லாத, தங்கள் ஆக்கள் மட்டுமே இருந்த அந்தக் குறிச்சியின் பெயரைச் சொன்னாள். தெளிவாக, இழுத்து, கேட்காத காதுக்கும் கேட்கிற மாதிரி.

“அப்பாவின்ர அப்பா கள்ளுச் சீவினவர், அன்ரி. பெரியப்பாவும் சீவினவர். விழுந்துதான் செத்தவர். அப்பா அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்தவர். ஃபோனில இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டினம், அதுதான் நானே சொல்லுறன்.”

எங்கேயோ ஒரு போத்தலுக்குள் நுரை மட்டும் மெல்லக் கிசுகிசுத்தது. இதோ... இப்போது போவான். அப்பா சொன்ன மாதிரி.

ஸ்ரிபன் தன் கவசத்தைக் கழற்றினான். அது புருவத்துக் கட்டுத்துணியில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தான்.

“அம்மா. தெரிஞ்சுகொண்டே கேக்கிறீங்கள். இனி ஒருத்தரிட்டயும் இப்பிடிக் கேக்காதேங்கோ.” கொம்யூன் ஒஃபிசில் ஆயிரம் பேரோடு பேசுகிறவனின் குரல் மாதிரியே இல்லை. “எனக்கு இவவைப் பிடிச்சிருக்கு. போன மாரியில இருந்து. அண்டைக்குச் சொல்லாம எழும்பிப் போனது பிழை. இண்டைக்குச் சொல்லிப்போட்டன்.”

“ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது தம்பி?”

“கேட்டா என்னட்ட விடுங்கோ.”

பவளராணி சாரங்காவை நீண்டநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. “தேத்தண்ணி...” என்று ஏதோ தொடங்கினார். முடிக்கவில்லை. “வேலைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு அறைந்து சாத்தப்படவில்லை. சும்மா சாத்தப்பட்டது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சாரங்காவுக்குத் தெரியவில்லை. இன்னும் பல காலத்துக்குத் தெரியப்போவதுமில்லை.

கார் போகிற சத்தம் கேட்டது. வெளியே ஆலங்கட்டி கலந்த மழை தொடங்கியிருந்தது.

“பிடிச்சிருக்கு எண்டு என்னட்டச் சொல்லாம உங்கட அம்மாட்டச் சொல்லுறியளே... ஒழுங்கு எண்டு ஒண்டு இல்லையோ?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “உங்களிட்டச் சொல்லத்தான் பயம். அம்மா ஏசுவா. நீங்கள் கொன்றுபோடுவீங்கள்.”

“சொல்லுங்கோ. கொல்லேல்லை.”

“அண்டைக்குச் சொன்னது அசிங்கமான பகிடி. நான் அப்பிடியான பகிடியளோடதான் வளந்தனான், அது சாட்டு இல்லை. இனிமேலும் எனக்குத் தெரியாமலே ஏதும் வாயில வரும். வந்தா அந்த இடத்திலயே என்ர கன்னத்தைப் பொத்தி ஒரு அறை குடுங்கோ. ஆனா... பேசாமப் போகாதேங்கோ, சாரங்கா. அதை மட்டும் என்னாலை தாங்கேலாது. நீங்கள் எழுதாத இந்த ஒண்டரை மாசமும், வீட்டுக்க ஆக்கள் இருந்தும் ஆளில்லாத வீடு மாதிரிக் கிடந்தது.”

அவள் அடுத்த போத்தலைத் துவாயால் சுற்றினாள். திரும்பவும் கீழே வைத்தாள்.

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லவேண்டும். குறிச்சியின் பெயரை ஒரு துவைக்கிற அறையில் நின்று போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும். நாற்பது வருடத்து ஒளிப்பிடத்தை ஒரு நிமிசத்தில் இடித்துவிட்டாள். அவர் மன்னிப்பாரோ தெரியாது. இந்த வீட்டின் அந்தக் கதவு எப்போதாவது முழுதாகத் திறக்குமோ, அதுவும் தெரியாது. இவன் ஒருநாள் களைத்துப்போய் விட்டுவிடுவானோ? அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒன்றுக்கும் இல்லை...

“நான் லேசான ஆள் இல்லை, ஸ்ரிபன். கோவம் வரும். நிறைய வரும்.”

“தெரியும். ஒரு மாரி முழுக்க வாசிச்சிருக்கிறன்.”

“இண்டைக்கு நான் போத்திலுக்காக வரேல்லை.”

“பிறகு?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். வெள்ளைக் கட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அதற்கு ஒரு விரல் கீழே, அந்தக் கண். அதைப் பார்த்ததும் அவளுடைய கண் நிறைந்தது. அவளுக்கு அதிலும் ஆத்திரம்.

“அந்தத் துண்டு கொஞ்சம் கீழ பட்டிருந்தா எண்டு நினைச்சு, கோல்டிங்கில இருந்து இஞ்ச வரைக்கும் வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தனான். முன்னுக்கு ரோட்டே தெரியேல்லை. வைல பாலத்தில ஒருத்தன் ஹோண் அடிச்சுத் தள்ளினவன்.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்கள் உயிரோட, ரெண்டு கண்ணோட இருக்கவேணும். எனக்கு வேணும். விளங்குதோ? அப்பிடியான விசர், பைத்தியம் ஒண்டு எனக்கு உங்களில. சிரிச்சா அடிப்பன்.”

ஸ்ரிபன் சிரிக்கவில்லை.